புயல் பாய்க்கு நான்கு வரிசைத் தையல்

மகனே,

நீ அனுப்பிய பார்சல் வந்து சேர்ந்தது. சௌக்கியமா என்று கேட்டு இந்தக் கடிதத்தைத் தொடங்கப் போவதில்லை. மூன்று உடம்பு வைத்த படகில் ஏறி, கொச்சியிலிருந்து மொரீஷியஸ் வரை காற்றை நம்பிப் போகப் போகிறேன் என்று எழுதுகிறவனிடம் சௌக்கியம் விசாரிப்பது, ஓடுகிற ரயிலின் கூரைமேல் நிற்பவனிடம் உட்கார இடம் கிடைத்ததா என்று கேட்பது போலத்தான் இருக்கும்.

பார்சலில் ஆரஞ்சு நிறத்தில் கெட்டித் துணி இருந்தது. ஒரு தாளில் முக்கோணம் போட்டு அளவு குறித்திருந்தாய். கீழே ஒரே வரி: "இந்தப் புயல் பாயை நீங்கதான் தைக்கணும்ப்பா." புயல் பாய் என்றால் என்ன என்று உன் அம்மா கேட்டாள். காற்று மிதமிஞ்சிப் போகும்போது பெரிய பாய்களையெல்லாம் இறக்கிவிட்டு, படகு சொன்ன பேச்சைக் கேட்பதற்காக மட்டும் ஏற்றுகிற சின்னப் பாய் என்றேன். "அது கிழிஞ்சா?" என்றாள். அதற்குப் பிறகு படகில் வேறு ஏற்பாடு கிடையாது என்று சொல்லவில்லை. காபி ஆறுகிறது என்று சொன்னேன். பாண்டிச்சேரியில் உன் பட்டறையில் நல்ல தையல்காரர்கள் ஆறு பேர் இருக்கிறார்கள். அவர்களை விட்டுவிட்டு, திண்டுக்கல்லில் லாரிக்குத் தார்ப்பாய் தைக்கிற, ஒரு கண்ணில் புரை எடுத்த ஒருவனுக்கு இதை அனுப்பியிருக்கிறாய். இது மரியாதையா, பரிதாபமா, பழிவாங்கலா என்று மூன்று நாள் யோசித்தேன். மூன்றில் எதுவாக இருந்தாலும் எனக்குப் பிடிக்கவில்லை.

உன் தொழிலைப் பற்றி எனக்கு இருக்கும் கருத்து உனக்குத் தெரியும். ஆனாலும் எழுதிவைக்கிறேன். பேச்சில் சொன்னதை நீ சிரித்து மழுப்பிவிடுவாய். எழுத்தில் அது நடக்காது. நான் தெரியாமல் திட்டுகிறவன் அல்ல. நீ போன பிறகு இந்த ஊர் நூலகத்தில் படகுகளைப் பற்றி இருந்த புத்தகங்களை ஒன்றுவிடாமல் படித்தேன். அவற்றைக் கேட்டு வந்த முதல் ஆள் நான்தான் என்று நூலகர் சொன்னார். படித்ததில் தெரிந்துகொண்டது இது: ஒற்றை உடம்புப் படகுக்கு அடியில் கனமான ஈயம் இருக்கும். காற்று அதைச் சாய்த்தால் ஈயம் இழுத்து நிமிர்த்தும். உங்கள் இரட்டைப் படகுக்கும் மூன்று உடம்புப் படகுக்கும் அந்தச் சுமை கிடையாது. அகலக் கால் வைத்து நிற்பதுதான் அவற்றின் பலம். சுமை இல்லாததால் பறக்கும். ஆனால் ஒருமுறை குப்புறக் கவிழ்ந்தால் அதுவும் அகலக் கால் வைத்த நிலைதான். மல்லாந்து எவ்வளவு உறுதியாக நிற்குமோ, குப்புறவும் அவ்வளவே உறுதியாக நிற்கும். இதைக் கேட்டபோது நீ, "கவுந்தாலும் முழுகாதுப்பா, மேல ஏறி உக்காந்துக்கலாம்" என்றாய். அடிவயிற்றில் ஒரு சின்னக் கதவு வேறு வைத்திருப்பதாகவும், கவிழ்ந்தால் அது வழியாக வெளியே வரலாம் என்றும் சொன்னாய். வீடு தலைகீழாகும் என்று தெரிந்து தரையில் வாசல் வைக்கிற கொத்தனாரின் நேர்மையை நான் மதிக்கிறேன். ஆனால் அவனிடம் வீடு கட்டிக்கொள்ள மாட்டேன்.

கட்டுமரம் என்ற சொல்லை உலகத்துக்குக் கொடுத்தது தமிழன் என்று உன் முதலாளி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வாராமே. குஜிலியம்பாறையில் மானாவாரிக் காட்டில் பிறந்த எனக்கு அந்தப் பெருமையில் பங்கு வேண்டாம். எங்கள் ஊரில் மரத்தில் கட்டுவது மாட்டைத்தான். அந்த மரம் எங்கேயும் போகாது.

இதெல்லாம் எங்கே தொடங்கியது என்று எனக்குத் தெரியும். என் கடை வாசலில் தொடங்கியது. அதனால்தான் கோபம் இவ்வளவு நாள் ஆறாமல் இருக்கிறது. அடுத்தவன் வாசலில் தொடங்கியிருந்தால் அவனைத் திட்டிவிட்டுச் சாப்பிட்டிருப்பேன். தொண்ணூற்று நாலில், ஒரு ஆடி மாதம், திருச்சி ரோட்டில் நம் கடை முன்னால் ஒரு லாரி வந்து நின்றது. தார்ப்பாய் நட்ட நடுவில் கிழிந்து இரண்டு பக்கமும் அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே வெள்ளையாக, நீளமாக, ஒன்றுக்கொன்று ஒட்டிப் பிறந்தது போல இரண்டு படகுகள். கொச்சிக்குப் போகிற சரக்கு. கூடவே வந்த பாண்டிச்சேரிக்காரர் இறங்கி வந்து, "செத்த நேரத்துல தைச்சுத் தர முடியுமா?" என்று கேட்டார். உனக்குப் பதினெட்டு வயது. நான் ஊசி கோக்கும் முன்பே நீ லாரிமேல் ஏறிவிட்டாய். கிழிசலைத் தைக்கத்தான் ஏறினாய் என்று நினைத்தேன்.

"ஏண்ணே, ஒரு ஆளுக்கு எதுக்கு ரெண்டு படகு?"

"ரெண்டில்ல தம்பி. ரெண்டும் சேந்து ஒண்ணு. நடுவுல வலை கட்டி அதுல உக்காந்துக்கணும்."

"இன்ஜின் எங்கண்ணே?"

"காத்துதான் இன்ஜின்."

"ஏலே, கீழ எறங்கு, ஊசியப் பிடி" என்று நான் கத்தினேன். நீ இறங்கினாய். ஆனால் அரைமணி நேரம் கிழிசலைத் தைக்கும்போதே உன் கேள்விகள் நிற்கவில்லை. அந்த மனிதர் உன் தையலை விரலால் நெருடிப் பார்த்துவிட்டு, பாண்டிச்சேரிக்கு வந்தால் வேலை இருக்கிறது என்றார். அடுத்த வருடம் போய்விட்டாய்.

முப்பது வருடம் நான் செய்த வேலையை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடலாம்: காற்றை உள்ளே விடாமல் தைப்பது. தார்ப்பாய்க்காரனுக்கு மழை எதிரி இல்லை; மழை ஒழுகினால் ஒரு மூட்டைதான் நனையும். காற்று ஒரு விரல் நுழைய இடம் கிடைத்தால் போதும், பத்து டன் சரக்கின் மேலிருக்கிற பாயைப் பிய்த்துக்கொண்டு போகும். அதனால்தான் நம் கடையில் துணி பலகையைப் போலத் தட்டையாக இருக்க வேண்டும் என்று உன்னைத் தலையில் குட்டிக் குட்டிப் பழக்கினேன். அப்படிப் பழகியவன் போய்க் காற்றைப் பிடித்து வைக்கிற துணி தைக்கிறான் என்றால், பூட்டுக்காரன் மகன் கன்னக்கோல் செய்யப் போனது மாதிரிதான். இந்த ஊரில் இதைவிடப் பொருத்தமாக எனக்கு உவமை கிடைக்கவில்லை.

இனி நான் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். எட்டு வருடமாக இதைச் சொல்லவில்லை.

தொண்ணூற்று ஒன்பது பொங்கலுக்கு நீ வந்தபோது, அரைகுறையாகத் தைத்த பந்தயப் பாய் ஒன்றையும் கொண்டுவந்தாய். அது நீ முதன்முதலாகத் தனியாக வெட்டிய பாய். சென்னையில் இரட்டைப் படகுப் பந்தயத்துக்கு உன் முதலாளி அதைத்தான் ஏற்றப் போகிறார் என்றாய். நம் மெஷினில் வைத்து முடித்தாய். அப்போது எனக்குப் பாடம் நடத்தினாய். துண்டுகளின் ஓரத்தை நேராக வெட்டாமல் மெல்லிய வில்லாக வெட்டி, வளைவோடு வளைவு சேர்த்துத் தைத்தால் துணிக்கு வயிறு விழும்; அந்த வயிறுதான் காற்றைப் பிடித்துப் படகை முன்னால் இழுக்கும் என்றாய். உன் அம்மாவின் ரவிக்கையைக் கொடியிலிருந்து எடுத்து அதன் தையலைக் காட்டி விளக்கினாய். நான் உம் கொட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு நீ எரியோட்டில் உன் மாமன் வீட்டுக் கல்யாணத்துக்கு இரண்டு நாள் போனாய். நீ திரும்பி வருவதற்குள் நான் அந்த வளைவுத் தையல்களைப் பிரித்தேன். எல்லாவற்றையும் நேர்கோடாக்கி மறுபடி தைத்தேன். பலகை மாதிரி தட்டையாக மடித்துப் பையில் வைத்தேன். நீ அவசரமாக வந்து பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாய்.

பந்தயத்தில் உங்கள் படகு கடைசியாக வந்தது. கடற்கரையில் வைத்துத்தான் நீ தையலைப் பார்த்திருக்கிறாய். முதலாளியிடம் நீ சொன்னது எனக்குப் பிறகு தெரிந்தது: "எங்கப்பா பாவம், தப்பாத் தைச்சிருக்கேன்னு நெனச்சுத் திருத்திட்டாரு. அவருக்கு இது தெரியாது." அவர் கேட்டாரா? உன்னைப் பாய் தைக்கும் மேசையிலிருந்து எடுத்து, படகின் உடம்பைத் தேய்க்கும் கொட்டகையில் போட்டார். ஒரு வருடம் கண்ணாடி இழைத் தூசிக்குள் நின்று தேய்த்தாய். எஸ்.டி.டி. பூத்தில் உன் அம்மா ரிசீவரைப் பிடித்துக்கொண்டு, "என்ன அப்பு இப்படி இருமுற?" என்று கேட்பாள். நீ, "ஒண்ணுமில்லம்மா, பனி" என்பாய். பாண்டிச்சேரியில் சித்திரை மாதம் பனி கொட்டியதாக நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. நான் பக்கத்தில் நின்று மீட்டர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

எனக்குத் தெரியாது என்று நீ ஊரெல்லாம் சொன்னாயே, அது பொய். உனக்குப் பொய் என்று தெரியாத பொய். நான் தார்ப்பாய்க்கு வருவதற்கு முன் நாலு வருடம் பெண்கள் துணி தைக்கிற கடையில் இருந்தவன். துணிக்கு எப்படி வடிவம் கொடுப்பது என்று நீ பிறப்பதற்கு முன்பே எனக்குத் தெரியும். நீ ரவிக்கையைக் கையில் எடுத்த உடனேயே பாக்கிப் பாடம் எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததால்தான் எந்தத் தையலைப் பிரித்தால் வயிறு போகும் என்று தெரிந்து பிரித்தேன். தோற்றுவிட்டு நீ வீட்டுக்கு வருவாய், கடையில் உட்காருவாய் என்று கணக்குப் போட்டேன். நீ வரவில்லை. தூசியில் நின்றாய். அந்த இருமலுக்குத் தையல்காரன் நான்தான்.

அதைவிட எனக்குப் பொறுக்காதது நீ என்னைக் காப்பாற்றியது. அறியாத கிழவன் என்று சொல்லிக் காப்பாற்றினாய். என்னைத் திட்டியிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். மன்னித்துவிட்டாய், மன்னிப்புக்கு என்னிடம் பதில் இல்லை. ஒரு அறிவுரை சொல்கிறேன், பிடித்தால் எடுத்துக்கொள்: ஒருவன் உனக்குக் கெடுதல் செய்தால், அவனை முட்டாளாக்கி மன்னிக்காதே. தான் செய்ததைச் செய்தவன் என்ற மரியாதையையாவது அவனுக்கு விட்டுவை.

இப்போது இந்த ஆரஞ்சுத் துணி. முதல் மூன்று நாள் அதைத் தொடவில்லை. நாலாம் நாள் மெஷினில் பருத்தி நூலைக் கோத்தேன். பருத்தி நூல் உப்பிலும் வெயிலிலும் இற்றுப்போகும் என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். புறப்படுவதற்கு முன் கரையோரம் வெள்ளோட்டம் விடுவீர்கள், அதிலேயே பிரியும், பயணம் தள்ளிப் போகும் என்று நினைத்தேன். இரண்டாம் முறையும் அதே புத்தி. ஆனால் வெள்ளோட்டத்தில் பிரியாமல் நடுக்கடலில் பிரிந்தால் என்ன செய்வது என்பதற்கு விடை கிடைக்கவில்லை. நூல் மெஷினிலேயே இருந்தது. உன் அம்மா நூலைப் பார்த்தாள். அவளுக்கு நூல் தெரியும். என் கடையில் இருபது வருடம் தார்ப்பாயின் கயிற்றுக் கண்களுக்குக் காஜா எடுத்தவள்.

"தைக்கிறதுன்னா ஒழுங்காத் தைங்க. இல்லையா, முடியாதுன்னு எழுதிப் போடுங்க. அவன் வேற ஆளப் பாத்துக்குவான்" என்றாள்.

"போகாதேன்னு சொல்றேன். அது உனக்குக் கேக்கலையா?"

"பன்னெண்டு வருசமாச் சொல்றீங்க. அவனுக்கே கேக்கல, எனக்குக் கேட்டு என்ன ஆகப்போகுது? அந்த நூலக் கழட்டுங்க மொதல்ல."

கழற்றினேன். அதை அவள் சமையலறைக்குள் கொண்டு போனாள். இப்போது அப்பளக் கட்டுகளைச் சுற்ற அது பயன்படுகிறது.

நீ அனுப்பிய படத்தை அதற்குப் பிறகுதான் ஒழுங்காகப் பார்த்தேன். கோடெல்லாம் நேராக இருந்தது. வளைவே இல்லை. புயல் பாய்க்கு வயிறு கூடாது, பலகை மாதிரி தட்டையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் காற்று அதைப் பிய்த்துவிடும் என்று ஓரத்தில் குறித்திருந்தாய். அதைத் தைக்க இந்தத் தேசத்தில் யார் சரியான ஆள் என்று யோசித்துத்தான் அனுப்பியிருக்கிறாய். பரிதாபம் என்று நான் நினைத்தது தவறு. நீ என்னைவிடக் கணக்குத் தெரிந்தவன். இதற்காக உன்மேல் இருக்கும் கோபம் குறையவில்லை. கொஞ்சம் இடம் மாறியிருக்கிறது.

மூன்று மூலைகளுக்கும் தோல் வைக்கச் சொல்லியிருந்தாய். பேகம்பூர் காதர் அண்ணனிடம் போனேன். நாற்பது வருடம் தோல் பதனிடுகிற ஷாப்பில் இருந்தவர். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "என்னண்ணே, கடல்ல ஓடுற லாரிக்கா?" என்று சிரித்தார். உப்புத் தண்ணீருக்குத் தாங்குமா என்று கேட்டேன். "தோலு எங்ககிட்ட வர்றதே உப்புல ஊறித்தான். அது பாக்காத உப்பா? உங்களுக்குத்தான்ணே கடலப் பாத்தா பயம், தோலுக்கு இல்ல." நல்ல துண்டாகப் பார்த்து வெட்டிக் கொடுத்தார். மூலைகளில் கோணி ஊசியால் கையாலேயே தைத்தேன். உள்ளங்கையில் வைத்துத் தள்ளுகிற தோல்பட்டை கிழிந்து கை பொத்துப்போனது. துணியில் ஒரு மூலையில் பழுப்பாக ஒரு கறை இருக்கும். என்னவோ என்று தேய்த்துக் கழுவிக்கொண்டிருக்காதே. அது போகாது.

தைத்து முடித்த தார்ப்பாயை ஒரு நடை ஓட்டிப் பார்க்காமல் நம் கடையிலிருந்து அனுப்பியதில்லை. புயல் பாய்க்கு மட்டும் விலக்கு உண்டா? டிரைவர் முத்துவின் காலி லாரியில் கேபினுக்குப் பின்னால் இரும்புக் குழாயை நட்டு, பாயின் நீளப் பக்கத்தை அதில் கட்டினேன். மூன்றாம் மூலையின் கயிற்றை லாரிக் கொக்கியில் ஒரு சுற்றுச் சுற்றி என் கையில் வைத்துக்கொண்டேன். காதர் அண்ணனும் வேடிக்கை பார்க்க ஏறிக்கொண்டார். ஆடிக் காற்று மேற்கிலிருந்து அறைந்துகொண்டிருந்தது. கரூர் ரோட்டில் போனோம். வேடசந்தூரில் டீக்கடையில் நின்றவர்கள் கூடிவிட்டார்கள். "எந்தக் கட்சிக் கொடிண்ணே இது?" என்று ஒருவர் கேட்டார். "எதிர்க்கட்சி" என்றேன்.

ஊரைத் தாண்டி வெட்டவெளி வந்ததும் பாய் படபடவென்று அடிக்க ஆரம்பித்தது. முப்பது வருடமாக எனக்குத் தெரிந்த சத்தம். அது கேட்டால் எங்கோ ஏதோ கிழியப் போகிறது என்று அர்த்தம். பழக்கத்தில் கயிற்றை இழுத்தேன். இன்னும் கொஞ்சம் இழுத்தேன். சட்டென்று சத்தம் நின்றது. துணி இறுகி அசையாமல் நின்றது. கயிறு மட்டும் என் கையை இழுத்தது. கிழிக்கப் பார்க்கிற இழுப்பு இல்லை. வண்டியில் பூட்டிய மாடு நுகத்தில் தோள் கொடுக்குமே, அந்த இழுப்பு. முன்னாலிருந்து முத்து கத்தினான்: "அண்ணே, வண்டி வலப்பக்கம் ஒதுங்குது! நான் ஓட்டுறேனா, அது ஓட்டுதா?" காதர் அண்ணன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னண்ணே சிரிக்கிறீங்க?" என்றார். சிரிக்கவில்லை, கண்ணில் தூசி என்றேன். "தூசி விழுந்தா அழுவாங்கண்ணே" என்றார். எனக்கு அது பிடித்திருந்தது, மகனே. பிடித்திருந்தது என்பது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. திரும்பி வந்து இறக்கிப் பார்த்ததில் கீழ் மூலையில் ஒரு அங்குலம் தையல் இளகியிருந்தது. அந்த மூலையை முழுக்கப் பிரித்து மறுபடி தைத்தேன்.

பாயை இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன். வந்ததும் பிரித்து, வெளிச்சத்தில் வைத்து, ஒவ்வொரு தையலாகப் பார். அப்பா தைத்தது என்று நம்பி ஏற்றிவிடாதே. அப்படி நம்பி ஒருமுறை கடைசியாக வந்திருக்கிறாய். நூலை நகத்தால் சுரண்டிப் பார், பருத்தி இல்லை. பார்த்து முடித்ததும் நான் மடித்த அதே மடிப்பில் மடித்து வை. நீ மூன்று வரிசை என்று குறித்திருந்தாய். பெரும்பாலும் மூன்றுதான் போட்டிருக்கிறேன். சில இடங்களில் நான்கு இருக்கும். எண்ணத் தெரியாமல் போட்டதில்லை. உன் பாயைத் தையல் தையலாக ஒருமுறை பிரித்தவன் நான். எங்கே கை வைத்தால் பாய் பிரியும் என்று உன் பட்டறையில் இருக்கிற ஆறு பேருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். அந்த இடங்களில்தான் நான்கு.

புரட்டாசிக் கடைசியில் வழியனுப்ப உன் அம்மா கொச்சிக்கு வருவாள். புளியோதரை கட்டிக்கொண்டு வருவாள். மொரீஷியஸ் வரை வரும் என்று நினைக்கிறாள், நான் திருத்தவில்லை. நான் வர மாட்டேன். கரையில் நின்று கையாட்டினால் போ என்று சொன்னதாக ஆகிவிடும். நான் அதைச் சொல்லவில்லை. நாளைக்கு யாரிடமும் அப்பா சம்மதித்தார் என்று சொல்லாதே. நான் இந்தப் பயணத்துக்கு விரோதிதான்.

திரும்பி வரும்போது பாயை எடுத்துக்கொண்டு நேராகக் கடைக்கு வா. நான் மடித்து அனுப்பிய மடிப்பு எனக்கு அடையாளம் தெரியும். அந்த மடிப்புக் கலையாமல் இருந்தால், கை பொத்துப்போகத் தைத்ததெல்லாம் வீண் வேலை. இந்தக் கடையில் நான் தைத்ததில், ஏற்ற வேண்டியே வராமல் வீணாகப் போகட்டும் என்று நினைத்துத் தைத்தது இது ஒன்றுதான்.

உன் அப்பா